பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி

பேளுக்குறிச்சி
10.11.2024

அன்புத் தம்பி தனசேகருக்கு,

அக்கா வித்யாஸ்ரீ எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, சளி பிடித்ததா என்று அம்மாவுக்குத்தான் கவலை. எனக்கு இல்லை. கனமான போர்வையை நான்தானே மடித்து வைத்தேன்.

இன்லேண்டு கவர் கேட்டதும் தபால் ஆபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கும்மா என்றார். யாருக்கோ என்று வந்துவிட்டேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில், சுற்றுலாவுக்கு வரச் சொல்லித் தோழிக்கு. இப்போது உனக்கு. அந்தத் தோழியாவது கற்பனை. அவளோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை.

உன்னை மலையில் விட்ட அன்று, மையத்தை நடத்தும் அருள்மொழி உன் போனை வாங்கித் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டியபோது உன் முகம் போன போக்கை இப்போதும் நினைத்துச் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு அழுகிறேன். ஆறு மாதம் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று அந்தப் பெண் சொன்னதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நீ அதைக் கவனித்தாய் என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ குடித்துவிட்டு வந்து அவர்கள் நடுவில் விழுந்தாயே, அன்றிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

நீ எங்கே என்று ஊரில் கேட்பவர்களுக்கு அப்பா ஏதோ சொல்லிக்கொள்கிறார். அது உனக்கு எதற்கு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா கொடுத்தனுப்பிய கடலை உருண்டையை எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு.

உன் அக்கா
வித்யா


கொல்லிமலை, செம்மேடு அஞ்சல்
1.12.2024

அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

இங்கே குளிர். காலையில் தண்ணீரைத் தொட முடியவில்லை. கூரை ஒழுகிய பழைய ஹாஸ்டல் ஒன்றைச் சரிசெய்து இந்த மையத்தை நடத்துகிறார்கள். இருப்பவர்களில் பாதிப் பேர் மலைக்காரப் பையன்கள், மீதிப் பேர் என்னைப் போலக் கீழே இருந்து வந்தவர்கள். பகலில் தோட்ட வேலை. மாலையில் உள்ளூர்ப் பையன்களோடு வாலிபால். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாள் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். நான் இதுவரை ‘நல்லாப் போச்சு’ என்பதைத் தவிர எதுவும் சொன்னதில்லை.

ஒவ்வொருவனுக்கும் ஒரு சோடி போட்டுவிட்டார் அருள்மொழியக்கா. எருதுக்குத்தான் சோடி போடுவார்கள். என் சோடி ராசு. இந்த மலைக்காரன்தான், என் வயது இருக்கும். ஒருவன் எங்கே போனாலும் மற்றவன் கூடப் போக வேண்டும். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமில்லை, வீட்டு விசேஷத்துக்குக் கீழே இறங்கினாலும் இருவராகத்தான் இறங்க வேண்டும். அவன் பேசவும் மாட்டான், தள்ளிப் போகவும் மாட்டான்.

கடலை உருண்டை முதல் நாளே தீர்ந்துவிட்டது. அப்பா என்ன சொல்லிக்கொள்கிறார்?

தனசேகரன்


பேளுக்குறிச்சி
15.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அது அவளோடு கூடப் பிறந்தது. உன் கடிதம் கிடைத்தது. அதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை கேட்டாள், நீ எழுதியதைவிடக் கொஞ்சம் நீட்டிப் படித்தேன்.

ஒரு சேதி. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் தனபால். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை, சீக்கிரமே சொந்தமாகத் தொடங்கப் போகிறாராம். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், பேசினார்கள், போனார்கள். எல்லாம் அமைதியாக நடந்தது. இதை எழுதும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அவர் அதிகம் பேசவில்லை. போகும்போது நம் வீட்டு டெம்போவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பின்பக்கப் பலகையை எவனோ தப்பாக அடித்திருக்கிறான் என்றார். எனக்குப் பிடித்திருந்தது.

பையன் எங்கே என்று அவருடைய மாமா கேட்டார். அப்பா பதில் சொன்னார்.

தைக்குள் நிச்சயம் வைத்துவிடலாம் என்று பேசியிருக்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. உன் சோடிக்காரனையும் கேட்டதாகச் சொல். உடனே பதில் எழுது.

அக்கா


கொல்லிமலை
20.1.2025

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் நலமும் அப்பா அம்மா நலமும் கேட்டு எழுதுகிறேன். உடனே எழுதச் சொன்னாய், ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்கழியில் எழுத முடியவில்லை. வேலை.

உன் சேதி கேட்டு ரொம்பச் சந்தோஷம். பலகை தப்பாக அடித்திருக்கிறது என்று சொல்கிற ஆள் நல்ல ஆளாகத்தான் இருப்பார். அது நான் அடித்த பலகை.

மிளகு பறிப்பு தொடங்கிவிட்டது. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு கொடி நம் தென்னை உயரத்துக்குப் போகிறது. ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான். கணுவில் விட்டுவைத்த குச்சிகளில் கால் வைத்து ஏற வேண்டும். மேலே ஒருவன், கீழே ஒருவன். கீழே இருப்பவன் மூங்கிலின் அடியைக் காலால் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே போனவன் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை அசையக் கூடாது. மூக்கில் எறும்பு ஊர்ந்தாலும் அப்படியேதான். ராசு ஏறுவான், நான் பிடிப்பேன். முதல் நாள் என் கை நடுங்கியதை மேலிருந்தே கண்டுபிடித்துவிட்டான். ‘நடுங்கட்டும், ஆனா உட்றாதே’ என்றான். அதுதான் அவன் என்னிடம் சொன்னவற்றில் நீளமான பேச்சு.

மாலை வட்டத்தில் இப்போது கொஞ்சம் பேசுகிறேன். உள்ளூரில் பாதியில் படிப்பை விட்ட கோகிலா என்ற பெண்ணும் அதில் வந்து உட்காருகிறாள். அவள் பேசினால் எங்கள் பாடெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். பிளஸ் டூ பரீட்சையைத் தனியாக எழுதப் போகிறாள்.

மாப்பிள்ளையின் மாமா கேட்டதற்கு அப்பா என்ன பதில் சொன்னார்? போன கடிதத்திலும் கேட்டேன், நீ எழுதவில்லை.

உன் தம்பி
தனசேகரன்


பேளுக்குறிச்சி
2.2.2025

தம்பிக்கு அக்காவின் அன்பு.

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் ராசுவும் கை கால் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அம்மா குலசாமிக்கு வேண்டியிருக்கிறாள். ஏணி சமாசாரத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மாசி கடைசி ஞாயிறு, மார்ச் ஒன்பதாம் தேதி கல்யாணம். ராசிபுரத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். எனக்குப் புடவை எடுத்தாயிற்று. மாம்பழ நிறம். எனக்கு எடுபடாது என்று பெரியம்மா சொன்னதால் அதையே எடுத்தேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டியது பெண்ணின் தம்பி. அன்றைக்கு அந்த இடத்தில் வேறு யாரையும் நான் பார்க்க விரும்பவில்லை. பெரியப்பா மகன் முரளி போடட்டும் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீ வந்தே ஆக வேண்டும். அருள்மொழியிடம் இப்போதே கேட்டு வை.

போன வாரம் அப்பா திடீரென்று வண்டியை எடுத்துக்கொண்டு சோளக்காடு போய்வந்தார். மலைவாழைப்பழம் வாங்கப் போனாராம். ஒரு தார் கொண்டு வந்தார். இந்த வீட்டில் யார் அவ்வளவு வாழைப்பழம் சாப்பிடுகிறார்கள் என்று அம்மா கேட்டாள், அவர் தாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை அவர் சாப்பிடவும் இல்லை.

அக்கா


கொல்லிமலை
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், ராசுவும் நலம். உங்கள் எல்லோருக்கும் அப்படியே அமைய வேண்டும்.

அப்பா வாழைப்பழம் வாங்க வரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அன்று சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் பறித்துக்கொண்டிருந்தோம். நம் டெம்போ வந்து நின்றது. அப்பா இறங்கி வேலி ஓரமாக நின்றார். ராசு மரத்தின் உச்சியில் இருந்தான். நான் மூங்கிலைப் பிடித்திருந்தேன்.

எனக்கு ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது அக்கா. கையை எடுக்க முடியவில்லை. கூப்பிட்டால் ராசு திரும்பிப் பார்ப்பான், மூங்கில் ஆடும் என்று கூப்பிடவும் இல்லை. ராசு இறங்கி வருவதற்குள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன் பையன் ஒரு மலைக்காரனுக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்கிறான், அப்பன் வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றுதான் நினைத்திருப்பார். நான் ஏன் வரவில்லை என்று அவரிடம் நீ சொல். நான் சொன்னால் நம்ப மாட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் போய்வரலாம் என்று அருள்மொழியக்கா சொல்லிவிட்டார். ஆனால் தெரியுமே, ராசுவும் வருவான். அவனை நம் வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுது. அவன் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர உங்களுக்கு ஒரு தொந்தரவும் தர மாட்டான்.

உன் கல்யாணத்தில் நான் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

தனசேகரன்


பேளுக்குறிச்சி
17.2.2025

என் கண்ணுத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், கல்யாண வேலையில் தூக்கம்தான் இல்லை. உன் கடிதத்தை அப்பா இருக்கும்போது சத்தமாகப் படித்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு ஏற்கனவே குடித்திருந்தது.

நீ இரண்டு தடவை கேட்டு நான் மழுப்பியதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். தனசேகரா, நீ பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாய். முதலில் அப்பா வெளியூரில் என்றுதான் சொன்னார். எந்த ஊர் என்று மாப்பிள்ளையின் மாமா கேட்க, பெங்களூர் என்றார். பையன் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, நம் அம்மா உனக்கு ஒரு மெஸ் பிடித்துக் கொடுத்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. லீவே தருவதில்லை என்றேன். ஒவ்வொரு தடவை அவர்கள் வரும்போதும் உனக்கு வசதி கூடிக்கொண்டே போகிறது. இப்போது உனக்கு மாடியில் ரூம் இருக்கிறது, வாசலிலேயே கம்பெனி பஸ் நிற்கிறது.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது. உண்மை தெரிந்தால் இதுவும் நின்றுவிடும் என்று அப்பா நினைக்கிறார். நானும்தான் நினைக்கிறேன். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போய்விட்டது. இன்னொரு தடவை பலகாரத் தட்டோடு யார் முன்னாலும் போய் நிற்க என்னால் முடியாது.

ராசுவைப் பற்றிச் சொன்னதும் அப்பா, ‘குடிச்சுக் கெட்ட இன்னொருத்தனை எம் பொண்ணு கல்யாணத்துல எங்க உக்கார வெக்கறது? வந்தாத் தனியா வரச் சொல்லு’ என்றார். கவனி, வரச் சொல்லு என்றார். நான் விடவில்லை. ராசு உன்னோடு பெங்களூரில் ஒரே ரூமில் தங்கியிருக்கும் நண்பன் என்று சொல்லிவிடலாம் என்றேன். அப்பா சரி என்று சொல்லவில்லை. மறுநாள் நாமக்கல் போனவர் ஒரே மாதிரி இரண்டு சட்டை எடுத்து வந்தார்.

இருவரும் வாருங்கள். கேட்டால் பெங்களூர் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் பேச வேண்டாம். உன் அக்காவுக்காக.

வித்யா


கொல்லிமலை
26.2.2025

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. நாங்களும் நலம்.

வருகிறோம். சனிக்கிழமை காலை முதல் பஸ். எனக்கு மாடி ரூம் கொடுத்ததற்கு நன்றி, இங்கே என் பாய்க்குப் பக்கத்தில் ஓடு ஒழுகுகிறது.

உன் கடிதத்தை மாலை வட்டத்தில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள்மொழியக்கா மட்டும், ‘போயிட்டு வந்து அங்க என்ன பேசினீங்கன்னும் இங்க சொல்லோணும்’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் மனது ஒப்பவில்லைதான். ஆனால் உனக்கு ஒரு சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டேன், இன்னொன்றைக் கெடுக்க மாட்டேன். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

ராசு நாமக்கல்லுக்கு அப்பால் போனதில்லை. பெங்களூரில் பஸ்ஸை எப்படிக் கைகாட்டி நிறுத்துவார்கள், குளிருமா, அங்கே இருப்பவன் தமிழில் பேசினால் சந்தேகம் வராதா என்று என்னைக் கேட்டு உயிரை வாங்குகிறான். எனக்கு மட்டும் என்ன தெரியும். பெயரைக் கேட்டால் சொல், வேலையைக் கேட்டால் சிரி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு வயிற்றைக் காலியாக வைக்கிறானாம்.

புடவை மாம்பழ நிறம் உனக்கு எடுபடும். பெரியம்மாவிடம் சொல்.

தம்பி


கொல்லிமலை
9.3.2025

அக்காவுக்கு,

இந்நேரம் உன் கழுத்தில் தாலி ஏறியிருக்கும். நீயும் மச்சானும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். உன் நலத்தைக் கேட்க இன்றைக்கு எனக்கு வாயில்லை.

அருள்மொழியக்கா போனில் ‘வரல’ என்று மட்டும் சொன்னதாகத்தான் உனக்குத் தெரிந்திருக்கும். என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நீ திட்டும்போது எல்லாம் தெரிந்தே திட்டு.

வெள்ளிக்கிழமை முடி வெட்டிக்கொள்ள ராசுவும் நானும் செம்மேடு போனோம். முதலில் அவனுக்கு வெட்டினார்கள். பிறகு நான் சேரில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது பெஞ்சில் அவன் இல்லை. அவனுடைய பழைய கூட்டாளிகள் அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதுமுடியோடு மண்ணில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மையத்துக்குக் கூட்டி வந்தோம்.

சனிக்கிழமை காலையில் அவன் வாந்தியும் நடுக்கமுமாக இருந்தான். தெளிந்தவுடன் மறுபடியும் ஓடப் பார்த்தான். நான் கதவடியில் உட்கார்ந்துகொண்டேன். முதல் பஸ் போகும் சத்தம் கேட்டது. நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அருள்மொழியக்கா சொன்னார். எனக்கு எழுந்திருக்க வரவில்லை.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. மார்கழியில் நான் எழுதாமல் இருந்தது வேலையால் இல்லை. உன்னைப் பெண் பார்க்க வந்த சேதியை நீ எழுதிய கடிதம் கிடைத்த அன்று, எல்லாம் அமைதியாக நடந்தது என்ற வரியைப் படித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கீழே போய் நன்றாகக் குடிக்க வேண்டும், அதுதான் எண்ணம். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. ராசு என்னைத் தடுக்கவில்லை. கூடவே நடந்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திட்டினேன், கல்லைத் தூக்கி எறிந்தேன். அவன் கொஞ்சம் தள்ளி நடந்தான், திரும்பிப் போகவில்லை. பாதி மலையில் நான் உட்கார்ந்து அழுதேன். அவனும் உட்கார்ந்தான். அன்று அவன் ஊரில் நோம்பி. வருடத்துக்கு ஒரு தடவை அவன் வீட்டார் எல்லோரும் சேரும் நாள். எனக்கு அது பிறகுதான் தெரியும். அவன் சொல்லவே இல்லை.

நேற்று மதியம் அப்பா வந்தார். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கி உள்ளேயே வந்தார். என்னை அழைத்துப் போக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கதவடியிலிருந்து எழுந்து நின்றேன். ‘கெளம்பு’ என்றார்.

‘இவனை உட்டுப்போட்டு வந்தா இன்னைக்கே போயிருவானுங்கப்பா. நான் வரலீங்க’ என்றேன். அப்பாவுக்கு எதிராக நான் போதையில்லாமல் தெளிவாக இருந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அடிப்பார் என்று நினைத்தேன். அதற்குள் ராசு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். ‘அத்தனை பேர் முன்னால நான் எப்பிடிங்க பெங்களூர்னு சொல்றது. பயந்துட்டனுங்க. ஒரு வாய் குடிச்சாத் தெம்பு வரும்னு போனனுங்க. நீங்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்க’ என்றான்.

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கஞ்சி குடித்தானா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். சிறிது நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். போய்விட்டார்.

முரளி மாலை போட்டிருப்பான். நன்றாகப் போட்டிருப்பான். நீ என்னோடு பேசவில்லை என்றாலும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

தனசேகரன்


நாமக்கல்
14.3.2025

தனசேகருக்கு,

நான் நலம். என் வீட்டுக்காரர் நலம். மாமியார் உடம்பு நலம், முகம்தான் இன்னும் சரியில்லை. காரணம் கீழே வருகிறது.

உன் கடிதம் பேளுக்குறிச்சிக்குப் போய், நேற்றுத்தான் இங்கே என் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். நீ படித்திருந்தால் மறுபடியும் மலையிறங்கி நடந்திருப்பாய். நான் எழுதிய ஒரு வரி உன்னை அவ்வளவு தூரம் நடக்க வைத்தது என்று தெரிந்து நேற்று அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை அப்பா தனியாக வந்து வண்டியை நிறுத்தினார். ‘வரமாட்டான்’ என்றார். ஏன் என்று கேட்டேன், வாழைமரம் கட்டப் போய்விட்டார். அம்மா சாப்பிடவில்லை. எனக்கு உன் மேல் இருந்த கோபத்துக்கு அளவில்லை. மருதாணி வைத்த கையால் உன் போட்டோவைத் திருப்பி வைத்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை காலை. இதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வாசலில் நிற்கிறார். முரளி பட்டுச் சட்டையும் மாலையுமாக முன்னால் வருகிறான். அப்போது மாப்பிள்ளையின் மாமா, ‘ஏனுங்க, கூடப் பொறந்தது அக்கா ஒருத்திதான், அது கல்யாணத்துக்குக்கூடவா பெங்களூர்ல லீவு குடுக்கல?’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்பெனி என்ற வார்த்தை வரை என் காதில் விழுந்தது. நிறுத்திக்கொண்டார். முரளியின் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டார்.

‘எம் பையன் பெங்களூர்ல இல்லீங்க’ என்றார். ‘குடிச்சுக் கெட்டுப் போனான். நாந்தான் கொல்லிமலையில ஒரு எடத்துல உட்டிருக்கறேன். நேத்துக் கூட்டியாரப் போனேன். அவங்கூட இருக்கற பையன் ராசு ஒடம்பு முடியாமக் கெடக்கறான், அவனை உட்டுட்டு வரமாட்டேன்னுட்டான் தனசேகரன். எம் பையன் இன்னொருத்தனுக்காக நின்னு நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்லீங்க. பொய் சொன்னது என் தப்பு. இதுக்கு மேல உங்க இஷ்டம்.’

உன் பெயரைச் சொன்னார். இத்தனை மாதம் கழித்து, அத்தனை சனத்துக்கு முன்னால்.

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். என் மாமியார் காருக்குத் திரும்பி நடந்தார். அவருடைய தங்கை வீட்டார் சாப்பிடாமலே போய்விட்டார்கள். மாமா சத்தம் போட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முடிந்தது என்றே நினைத்தேன். அதிசயம், எனக்கு அப்பா மேல் கோபமே வரவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு அப்பாவிடம், ‘அப்ப அந்த மாலையை யாருங்க போடறது?’ என்று கேட்டார்.

‘அவன் வந்து போடுவான்’ என்றார் அப்பா.

‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு இவர் தானாகவே உள்ளே நடந்து வந்தார். வெறுங்கழுத்தோடு. தன் அம்மாவைக் காரிலிருந்து இறக்கிக் கூட்டி வரவும் இவரே போனார். முகூர்த்தம் கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மாமியார் என்னிடம் உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பெரியப்பா வீட்டில் அப்பாவோடு பேசுவதில்லை. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தோட்டத்தில் பாட்டுப் பாடினார் என்று அம்மா சொன்னாள். என்ன பாட்டு என்று கேட்டேன், அவருக்குத் தெரிந்தால்தானே என்றாள்.

அப்பாவும் அம்மாவும் இன்று எங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ராசு உன்னோடு நடந்த கதையை அப்பா மறுபடியும் படிக்கச் சொன்னார். இந்தத் தடவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகவில்லை. கடிதத்தில் கொஞ்சம் இடம் விடு என்றார். அவர் எழுதி நான் பார்த்ததே கிடையாது, பேனாவை மாடு ஓட்டும் குச்சி மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுதட்டும்.

உன் அக்கா
வித்யா

சாமி தனசேகரா ராசுவுக்கு இப்பத் தேவலையா. கஞ்சி குடிக்கறானா. அவன் நல்லா ஆனதும் சொல்லு, வண்டி எடுத்துட்டு வாரேன். ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. அப்பா